படம் மட்டும் போதாது: வீட்டில் இருந்தபடியே கட்டடக்கலை கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டடப் படங்களைப் போனில் சேமித்து வைக்கிற பழக்கம் பலருக்கும் உண்டு. செட்டிநாட்டு வீட்டின் முற்றம், தஞ்சைப் பெரிய கோயில், எங்கோ ஒரு மலைச்சரிவில் கண்ணாடி வீடு. ஆனால் அந்தக் கட்டடத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் "ரொம்ப அழகா இருந்துச்சு" என்பதைத் தாண்டி எதுவும் வராது. இதற்குப் பார்ப்பவரைக் குறை சொல்ல முடியாது. புகைப்படம் கட்டடத்தின் ஒரு பக்கத்தை, ஒரு நொடி வெளிச்சத்தில், அகன்ற லென்ஸால் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. சுவர் எவ்வளவு தடிமன், கூரையை எது தாங்குகிறது, வாசலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதெல்லாம் அதில் கிடையாது.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வரிசைதான்: முதலில் பிளான், அடுத்து செக்‌ஷன், கடைசியில் படம். பிளான் என்றால் கட்டடத்தைத் தரையிலிருந்து நாலடி உயரத்தில் கிடையாக அறுத்து மேலிருந்து பார்ப்பது. செக்‌ஷன் என்றால் கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை நெட்டுக்குத்தாக அறுத்துப் பக்கவாட்டில் பார்ப்பது. இந்த இரண்டையும் படிக்கத் தெரிந்துவிட்டால், போகாத ஊரின் கட்டடத்துக்குள்ளும் மனத்தால் நடக்கலாம்.

தேவையானவை: ஐந்து மீட்டர் இஞ்ச் டேப், கிராஃப் தாள், பென்சில், ரப்பர், இணையம் உள்ள போன். கணினி இருந்தால் வசதி.

படி 1: சொந்த வீட்டை அளந்து வரையுங்கள்

தாஜ்மகாலில் தொடங்காதீர்கள். நீங்கள் இருக்கிற வீட்டில் தொடங்குங்கள், வாடகை வீடானாலும் சரி. அளவும் உடம்பும் ஒன்றுக்கொன்று பழகும் இடம் அதுதான். பத்துக்குப் பன்னிரண்டு அறை எவ்வளவு பெரியது என்று உடம்புக்குத் தெரிந்தால்தான், வேறொரு பிளானில் முப்பதுக்கு ஐம்பது என்று இருப்பதைப் பார்த்து வியக்க முடியும்.

முதலில் அளவு எதுவும் பாராமல் ஒரு கைவரைவு போடுங்கள். அறைகள், கதவுகள், ஜன்னல்கள் ஏறக்குறைய இருக்கும் இடத்தில் இருந்தால் போதும். அப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையையும் ஒரே திசையில் சுற்றி வாருங்கள். கதவை ஒரு தடவை, அடுத்த சுவர்த் துண்டை ஒரு தடவை என்று தனித்தனியாக அளந்து கூட்ட வேண்டாம். டேப்பின் நுனியை ஒரு மூலையில் வைத்துவிட்டு, அங்கிருந்து கதவின் ஓரம் எத்தனை, மறு ஓரம் எத்தனை, ஜன்னல் எத்தனை, எதிர்மூலை எத்தனை என்று ஒரே இழுப்பில் படியுங்கள். தனித்தனியாக அளந்தால் ஒவ்வொன்றிலும் அரை அங்குலம் தவறி, கடைசியில் நாலு அங்குலம் எங்கோ காணாமல் போகும்.

நான்கு பக்கமும் அளந்தபின் மூலைவிட்டத்தையும் அளங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையின் மூலைவிட்டம் 15 அடி 7½ அங்குலம் வர வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இல்லையென்றால் அறை கோணலாக இருக்கிறது. மூலைமட்டத்தை நம்பாமல் கண்ணை நம்பிய கொத்தனாரின் வேலை என்று அர்த்தம், அல்லது மனையே கோணல். நம் ஊர்த் தெருக்களில் இரண்டாவதற்கும் நிறைய வாய்ப்பு உண்டு.

சுவரின் தடிமனைக் கதவு நிலையிலோ ஜன்னலிலோ அளக்கலாம். வெளிச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவராக இருந்தால் பூச்சோடு சேர்த்துப் பத்து அங்குலம் போல வரும். உள்சுவர் பெரும்பாலும் நாலரை. பழைய வீடு என்றால் ஒன்றரை அடி, இரண்டடி கூட இருக்கும்.

இனி கிராஃப் தாள். ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர், அதாவது 1:50 என்று வைத்துக்கொண்டால் ஒரு சாதாரண ஃபிளாட் ஒரே ஏ4 தாளில் அடங்கிவிடும். அளவை அடியில் எடுத்திருந்தால் 0.305 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். சுவரை இரண்டு கோடாக வரைந்து நடுவில் கருப்பாக நிரப்புங்கள். சோம்பலில் விட்டுவிடாதீர்கள். கருப்பு நிரப்பிய பிறகுதான் வீட்டில் எது கனம், எது வெற்றிடம் என்று தெரியும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று கால்வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

வரைந்து முடித்ததும் சிவப்புப் பென்சிலால் காலை வேளையில் வீட்டார் நடக்கும் பாதைகளைப் போடுங்கள். படுக்கையிலிருந்து குளியலறை, அங்கிருந்து சமையலறை, சாமி மாடம், வாசல். கோடுகள் எங்கே குவிகின்றன? அந்த இடத்தில் ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிறதா? வீட்டுப் பெண்களிடம் கேட்டால் இதற்குப் படம் வரையாமலே பதில் வரும் என்பது வேறு விஷயம்.

படி 2: வீட்டை நெட்டாக அறுத்துப் பாருங்கள்

பிளானை எல்லோரும் ஒருவழியாகப் போட்டுவிடுவார்கள். செக்‌ஷனில்தான் பலரும் நழுவுகிறார்கள். எனக்கோ கட்டடக்கலையின் சுவையில் பாதிக்கு மேல் செக்‌ஷனில்தான் இருக்கிறது. கூடத்தின் கூரை சமையலறையைவிட உயரமா, முற்றம் தரையிலிருந்து எத்தனை அங்குலம் இறங்கியிருக்கிறது, தாழ்வாரத்தின் ஓரத்தில் தலை இடிக்குமா என்பதெல்லாம் பிளானில் தெரியாது.

பிளானில் வாசலிலிருந்து கொல்லை வரை ஒரு நேர்க்கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் வீட்டைக் கத்தியால் அறுத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். தரை முதல் கூரை வரை, ஜன்னலின் அடி, கதவு ஜன்னலுக்கு மேலே பாரம் தாங்கும் லிண்டல், லாஃப்ட், மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் என்று உயரங்களை மட்டும் அளங்கள். இப்போதைய வீடுகளில் லிண்டல் பெரும்பாலும் ஏழடியில் இருக்கும். கூரை பத்தடியைச் சுற்றி இருக்கும்.

படிக்கட்டு இருந்தால் ஒரு படியின் உயரத்தையும் அகலத்தையும் தனியாகக் குறியுங்கள். உயரத்தை இரண்டால் பெருக்கி அகலத்தைக் கூட்டினால் 24, 25 அங்குலம் வந்தால் கால் உறுத்தாமல் ஏறும். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் பிளாண்டெல் என்ற கட்டடக் கலைஞர் மனித நடையின் அளவை வைத்து வகுத்த கணக்கின் வழி வந்தது இது. ஏழு அங்குல உயரம், பத்து அங்குல அகலம் என்றால் சரியாக 24. மாடிக்குப் போகும்போது மூச்சு வாங்கினால் வயதைக் குறை சொல்வதற்கு முன் டேப்பை எடுங்கள்.

பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் படியில் கூடுதல் யோகம். அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்தரமும் அதன்மேல் நெருக்கமாகச் சட்டங்களும், அவற்றுக்கு மேலே குறுக்குச் சாய்வாக மெல்லிய செங்கற்களும் தெரிகிறதா? அதுதான் மெட்ராஸ் டெரஸ். சிறிய, மெல்லிய கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்திவைத்து மூலைவாட்டில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டித் தட்டித் தட்டி இறுக்குவார்கள். உச்சியில் தட்டை ஓடு பதிப்பார்கள். கம்பியும் சிமென்ட்டும் இல்லாத தட்டையான மாடி இது. அத்தனை கனமான அடுக்கு இருப்பதால் வெயில் சட்டென்று உள்ளே இறங்காது. இதைச் செக்‌ஷனில் அடுக்கடுக்காக வரைந்து பாருங்கள். இன்றைய ஐந்தங்குல கான்கிரீட் தளம் ஏன் மே மாத இரவில் அனல் கக்குகிறது என்பது தானாகப் புரியும்.

ஓட்டு வீடு என்றால் உத்தரம், கைமரம், ரீப்பர், அதன்மேல் நாட்டு ஓடா மங்களூர் ஓடா என்று பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் பழைய கொத்தனாரையோ தச்சரையோ கேளுங்கள். அவர்களிடம் பத்து நிமிடம் பேசினால் கிடைப்பது பல வீடியோக்களில் கிடைக்காது.

படி 3: வெயிலைக் குறித்து வையுங்கள்

பிளானை நாலைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு மணிக்கு வெயில் தரையில் எங்கே விழுகிறதோ அதை மஞ்சளால் தீட்டுங்கள். டிசம்பரில் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை செய்தால் வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

தமிழ்நாட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நம் நடுவுச்சிக்கு வந்துவிடும். சென்னைக்கு அது ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வரும். தெற்கு ஜன்னலுக்கு மட்டும் சன்ஷேடு போட்டால் போதும் என்று ஐரோப்பியப் பாடப்புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லலாம். நமக்கு உண்மையான எதிரி மேற்கு வெயில். மாலையில் தாழ்வாக வருவதால் எந்தச் சன்ஷேடும் அதைத் தடுக்காது. திண்ணையும் ஆழமான தாழ்வாரமும் மரமும்தான் தடுக்கும்.

காற்றுக்கு ஊதுபத்தி போதும். முன்வாசலையும் கொல்லைக் கதவையும் திறந்துவைத்து நடுக்கூடத்தில் ஓர் ஊதுபத்தியை ஏற்றுங்கள். புகை போகும் பாதையைப் பிளானில் நீலத்தில் போடுங்கள்.

படி 4: வானத்திலிருந்து ஊரைப் படியுங்கள்

இப்போது வீட்டைவிட்டு வெளியே வரலாம், நாற்காலியைவிட்டு எழாமலே. கூகுள் எர்த்தைத் திறங்கள். அதில் அளக்கும் கருவி இருக்கிறது. மேலிருந்து எடுத்த படமும் ஒருவகைப் பிளான்தான், கூரையோடு சேர்ந்த பிளான்.

முதல் பயிற்சி தஞ்சாவூர். இராஜராஜ சோழன் கட்டி 1010-இல் நிறைவுற்ற பெரிய கோயிலின் முற்றத்தைச் சுற்றி ஓடும் திருச்சுற்று மாளிகையை நீளமும் அகலமும் அளங்கள். ஏறக்குறைய 240-க்கு 120 மீட்டர் வரும். அதாவது இரண்டு சதுரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த வடிவம். நடுவில் ஒரு கோடு போட்டு, மேற்குச் சதுரத்துக்கு மூலைவிட்டங்கள் வரையுங்கள். அவை வெட்டும் இடத்தில் எது இருக்கிறது என்று பாருங்கள். கருவறைக்கு மேல் எழும் விமானம்! ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கட்டடத்தின் திட்டத்தை நீங்களே அளந்து கண்டுபிடிப்பதில் இருக்கிற மகிழ்ச்சி, யாரோ சொல்லிக் கேட்பதில் இல்லை.

அதே படத்தில் விமானத்தின் நிழலையும் தேடுங்கள். "பெரிய கோயில் நிழல் தரையில் விழாது" என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருப்போம். செயற்கைக்கோள் படத்தில் நிழல் பளிச்சென்று முற்றத்தில் கிடக்கும். இந்தப் பேச்சு எப்படி வந்திருக்கும் என்பதையும் ஊகிக்கலாம். விமானம் இருநூறு அடிக்கு மேல் உயரம், அடியில் ஒரு பக்கம் சுமார் நூறு அடி. அதாவது நடுவிலிருந்து ஓரத்துக்கு ஐம்பது அடி. சூரியன் அடிவானத்திலிருந்து 76 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் உச்சியின் நிழல் அந்த ஐம்பது அடிக்குள்ளேயே, அதாவது கோயிலின் மேலேயே விழுந்துவிடும். தஞ்சாவூரில் ஆண்டின் பல மாதங்களில் நண்பகலை ஒட்டி அப்படித்தான் இருக்கும். அந்த நேரத்தில் பார்த்தவருக்கு நிழல் இல்லை என்றுதான் தோன்றும். சோழர்களின் திறமைக்கு இந்தக் கதை தேவையே இல்லை என்பது என் கட்சி. கருங்கல்லை அந்த உயரத்துக்கு ஏற்றியதே போதும்.

ஒரு எச்சரிக்கை: மேலிருந்து எடுத்த படங்கள் எப்போதும் நேர்க்குத்தாக இருப்பதில்லை. உயரமான கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்தாற்போலத் தெரியும். அதனால் உச்சியை வைத்து அளக்காமல் தரையோடு ஒட்டிய சுவரை வைத்து அளங்கள். நிழலை வைத்து உயரம் கணக்கிட வேண்டுமானால், அதே படத்தில் உயரம் தெரிந்த இன்னொரு கட்டடத்தின் நிழலையும் அளந்து விகிதம் போடுங்கள்.

அடுத்தது ஸ்ரீரங்கம். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில்கள். ஒவ்வொன்றையும் வேறு வேறு நிறத்தில் வரைந்து பாருங்கள். உள்ளே சின்னதாகத் தொடங்கி வெளியே போகப்போகக் கோபுரங்கள் வளர்கின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முன் தொடங்கி நின்றுபோன தெற்கு ராஜகோபுரம் 1987-இல்தான் 236 அடியாக முடிந்தது. பெரிய கோயிலில் இது தலைகீழ். அங்கே விமானம் உயரம், கோபுரங்கள் குட்டை. கோயிலின் முக்கியத்துவம் கருவறைக்கு மேலிருந்து வாசலுக்கு இடம் மாறிய கதை இந்த இரண்டு வரைபடங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தின் வெளிச்சுற்றுகளில் சித்திரை வீதி, உத்தர வீதி என்று மக்கள் குடியிருக்கிறார்கள். கோயில் எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று கோடு போடப் பாருங்கள், முடியாது.

மதுரை மூன்றாவது. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் மாதப் பெயரில் கோயிலைச் சுற்றி விரிகின்றன. சித்திரை வீதி நேராக இருக்கிறது. மாசி வீதிக்கு வரும்போது மூலைகள் நெளிந்து சதுரம் கலைந்துவிடுகிறது. அதற்கும் வெளியே இருக்கிற வெளி வீதிகள், 19-ஆம் நூற்றாண்டில் கோட்டை மதிலை இடித்த இடத்தில் போட்டவை. தெருவின் வடிவத்தைப் பார்த்தாலே இல்லாமல் போன கோட்டை தெரியும்.

படி 5: கோயில் ஒன்றை அடி முதல் முடி வரை படியுங்கள்

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் ஒரு தடவை கற்றால் தமிழ்நாட்டில் எந்தக் கோயிலும் உங்களோடு பேசும்.

விமானத்துக்கு ஆறு அங்கங்கள். கீழிருந்து தாங்குதளம், சுவர், கூரை, கிரீவம் எனும் கழுத்து, சிகரம், தூபி. மாமல்லபுரத்து ஐந்து ரதங்களின் படங்களை எடுத்துவைத்து இந்த ஆறையும் தேடுங்கள். அவற்றை முதலில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர்கள் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கியவை அவை; அந்தக் காலத்து மரக் கட்டடங்களையும் கூரை வீடுகளையும் கல்லில் பார்த்துச் செய்தவை. திரௌபதி ரதம் அப்படியே ஓலைக் குடிசை. பீம ரதம் நீளவாக்கில் வண்டிக்கூடு போட்ட சாலை (இங்கே தெரு அல்ல, நீளமான கூடம்) வடிவம். நகுல சகாதேவ ரதம் பின்புறம் யானையின் முதுகாக வளைந்த தூங்கானை மாடம். தர்மராஜ ரதமும் அருச்சுன ரதமும் அடுக்கடுக்காக ஏறும் விமானங்கள். பாண்டவர் பெயர்கள் பின்னால் வந்தவை. அவற்றுக்கும் மகாபாரதத்துக்கும் சம்பந்தமில்லை.

அடுத்து தர்மராஜ ரதத்தின் மேலடுக்குகளை உற்றுப் பாருங்கள். மூலைகளில் குட்டிச் சதுரக் கோயில்கள், அவை கர்ணகூடங்கள். நடுவில் நீளமான குட்டிக் கோயில்கள், அவை சாலைகள். அதாவது குடிசையும் வண்டிக்கூடும் சுருங்கி அலங்காரமாகி மேலே வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. பெரிய கோபுரத்தைப் பார்த்து "எத்தனை வேலைப்பாடு!" என்று மலைத்துப்போகிற குழப்பம் இங்கே தீர்ந்துவிடும். மதுரைக் கோபுரத்தின் உச்சியில் இருப்பதும் அதே சாலைதான். சுவருக்கு மேலே வளைந்து வெளியே நீளும் கபோதத்தில் லாடம் போல இருக்கிற கூடு என்னும் அலங்காரமும், ஓலை வளைகூரையின் முகப்பு வளைவிலிருந்து வந்ததே.

சிகரத்தின் வடிவையும் குறியுங்கள். சதுரம் என்றால் நாகரம், எண்பட்டை என்றால் திராவிடம், வட்டம் என்றால் வேசரம் என்று சிற்ப நூல் வழக்கு.

தாங்குதளத்துக்கு வருவோம். எளிய பாதபந்த வகையை எடுத்துக்கொண்டால் அடியில் உபானம், நேராக நிற்கும் ஜகதி, உருண்டு அல்லது எண்பட்டையாகப் புடைக்கும் குமுதம், உள்வாங்கிய கண்டம், வெளியே நீளும் பட்டிகை. பக்கவாட்டிலிருந்து எடுத்த நல்ல படம் ஒன்றில் மெல்லிய தாளை வைத்து இந்த வளைவு நெளிவை மட்டும் ஒரே கோடாக வரையுங்கள். ஐந்து கோயில்களுக்கு இப்படி வரைந்து அடுத்தடுத்து ஒட்டிவையுங்கள். கண் தானாக வித்தியாசம் பிரிக்கத் தொடங்கும்.

காலம் கணிக்கப் போதிகை நல்ல கருவி. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் கைவிரித்துத் தாங்கும் உறுப்பு அது. பல்லவர் காலத்தில் அலை அலையாக வரி ஓடும் தரங்கப் போதிகை. சோழர் காலத்தில் கோணமாக வெட்டி நடுவில் ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும் வெட்டுப் போதிகை. விஜயநகர, நாயக்கர் காலங்களில் அந்த முனை வளைந்து பூமொட்டாகத் தொங்கத் தொடங்கிவிடும். புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ-துப்ரேய் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மாதிரியான சிறு உறுப்புகளின் மாற்றத்தை வைத்தே தென்னகக் கோயில்களை வரிசைப்படுத்திக் காட்டினார். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரே கோயிலில் மூன்று காலத்துப் போதிகைகள் இருப்பது சகஜம். கருவறை சோழர், முன்மண்டபம் நாயக்கர், வெளியே தகரப் பந்தல் நேற்று.

படங்களுக்கு எங்கே போவது? விக்கிமீடியா காமன்ஸில் பெரிய அளவுப் படங்கள் இலவசம். அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் அமைப்பின் இணையத் தொகுப்பில் கோயில் படங்களோடு பிளான்களும் கிடைக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திடம் தென்னிந்தியக் கோயில்களின் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. பழைய தோற்றம் வேண்டுமென்றால் லின்னேயஸ் டிரைப் என்ற பெயரைத் தேடுங்கள். சென்னை அரசின் புகைப்படக் கலைஞராக 1858-இல் தஞ்சாவூரையும் மதுரையையும் படம்பிடித்தவர். பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, பத்தொன்பது அடிக்கு மேல் நீளும் ஒரே தொடர்படமாக்கியிருக்கிறார். அவருடைய படங்கள் கெட்டி, மெட், வி அண்ட் ஏ அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் உள்ளன. இன்றைய படத்தையும் அவர் படத்தையும் பக்கத்தில் வைத்து என்னென்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

படி 6: ஒரே கட்டடத்தோடு ஒரு மாதம்

தினம் ஒரு கட்டடம் பார்ப்பதைவிட, ஒரே கட்டடத்தை மாதம் முழுக்கப் பார்ப்பது நல்லது. பிளானும் செக்‌ஷனும் கிடைக்கிற கட்டடமாகத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில், 1933-இல் தொடங்கிய வரலாற்றுக் கட்டட அளவீட்டுத் திட்டத்தின் ஆயிரக்கணக்கான வரைபடங்கள் இலவசமாகக் கிடக்கின்றன. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் அருவிக்கு மேல் தொங்கவிட்ட ஃபாலிங்வாட்டர் வீடும் அதில் உண்டு. அதன் புகைப்படத்தை உலகமே பார்த்திருக்கும். செக்‌ஷனைப் பார்த்தால்தான் அந்தத் தளங்கள் பின்னால் பாறையில் எப்படி வேரூன்றி முன்னால் நீள்கின்றன என்பது தெரியும்.

பக்கத்திலேயே வேண்டுமென்றால் என் தேர்வு திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்துக்கு அருகில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். செங்கல் உருளை. உள்ளே மாடி என்று தனியாக எதுவும் கிடையாது. தரையே சுருளாக ஏறிக்கொண்டு போகிறது, அதன் ஓரத்தில் மேசைகள். சுவரில் செங்கற்களை விட்டு விட்டு அடுக்கிய ஜாலித் துளைகளில் காற்றும் வெளிச்சமும் வரும். உள்ளே எடுத்த வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பார்த்தே இதற்கு ஒரு செக்‌ஷன் வரைய முயலுங்கள். சரிவான தரையில் மேசையை எப்படி மட்டமாக நிறுத்தினார்கள் என்ற கேள்வியிலேயே ஒரு நாள் ஓடிவிடும்.

பேக்கரைப் பிடித்தவர்கள் அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு (ரேட் டிராப் பாண்ட்) என்னும் முறையையும் கற்றுக்கொள்ளலாம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் காற்று அறை விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சம். வெயிலும் குறைவாக இறங்கும். தீப்பெட்டிகளை வைத்து மேசையிலேயே இரண்டு வரிசை கட்டிப் பார்த்தால் புரிந்துவிடும்.

மாதம் முழுக்க என்ன செய்வது? முதல் வாரம் பிளானைக் கையால் நகலெடுங்கள், அச்செடுத்து ஒட்டுவது கணக்கில் வராது. இரண்டாம் வாரம் செக்‌ஷன். மூன்றாம் வாரம் அதே 1:50 அளவில் உங்கள் வீட்டுப் பிளானை வெட்டி அதன்மேல் வைத்துப் பாருங்கள். உங்கள் வீடு முழுவதும் அவர்களுடைய ஒரு கூடத்துக்குள் அடங்கலாம். படங்களையும் வீடியோக்களையும் நாலாவது வாரம் திறங்கள். ஒவ்வொரு படமும் பிளானில் எந்த இடத்தில் நின்று எடுத்தது என்று அம்புக்குறி போடுங்கள்.

படி 7: அட்டையில் கட்டுங்கள்

கல்யாணப் பத்திரிகை அட்டை, பார்சல் பெட்டி, கத்தரி, ஃபெவிகால். முதலில் சொந்த வீட்டைக் கூரையில்லாமல் கட்டுங்கள். ஜன்னல்களை வெட்டிவிட்டு இருட்டறையில் போன் டார்ச்சைச் சூரியனாக நகர்த்துங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தப் படி முதல் படியாகிவிடும், விட்டுவிடுங்கள். கணினியில் செய்ய விரும்பினால் ஸ்கெச்சப்பின் இணைய வடிவம் இலவசம். ஆனால் கையால் வெட்டாதவர்களுக்கு அதில் சுவர் தடிமன் மறந்துபோகும்.

முறையான வகுப்பு வேண்டுபவர்களுக்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்பிடெல் தளத்தில் கட்டடக்கலைப் பாடங்கள் உள்ளன. பார்க்க இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். முதல் ஐந்து படிகளையும் முடித்துவிட்டுப் போனால் வகுப்பு இனிக்கும்.

படி 8: இடிந்துபோன வீட்டை வரையுங்கள்

இதைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் காத்திருந்தால் செய்ய முடியாமல் போகும். பல குடும்பங்களில் ஊர் வீடு இப்போது இல்லை. இடித்துக் கட்டியாகிவிட்டது, அல்லது விற்றாயிற்று. அதில் வாழ்ந்த பாட்டியோ பெரியப்பாவோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அல்லது வீடியோ அழைப்பில், கேட்டுக் கேட்டு வரையுங்கள்.

"வீடு எத்தனை அடி?" என்று கேட்டால் பதில் வராது. "வாசலில் நுழைந்ததும் என்ன இருக்கும்?" என்று தொடங்குங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று நடந்து போகிற வரிசையில் சொல்லச் சொல்லுங்கள். அளவை உடம்பாலும் பொருளாலும் கேளுங்கள்: திண்ணையில் எத்தனை பேர் படுக்கலாம், கூடத்தில் எத்தனை இலை போடலாம், குதிர் எங்கே நின்றது, நிலையில் குனிந்துதான் நுழைய வேண்டுமா, மழை பெய்தால் முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும். செட்டிநாட்டுக்காரர்கள் என்றால் முகப்பு, வளவு, இரட்டை வீட்டு அறைகள் என்று அவர்கள் சொல்லும் பெயரையே வரைபடத்தில் எழுதுங்கள். ஹால், பெட்ரூம் என்று மாற்றிவிடாதீர்கள். பழைய கல்யாண ஆல்பத்தையும் எடுத்து வையுங்கள். மணமக்களுக்குப் பின்னால் தெரியும் தூணும் கதவும் தரைக்கல்லும் நல்ல சாட்சிகள்.

உறவினர் குழுவில் அந்த வரைபடத்தைப் போட்டால் திருத்தங்கள் வந்து குவியும். கிணறு கிழக்கே இருந்ததா வடக்கே இருந்ததா என்று இரண்டு சித்தப்பாக்கள் முறுக்கிக்கொள்ளக்கூடும். இரண்டையும் புள்ளிக்கோட்டில் போட்டு, யார் சொன்னது என்று பக்கத்தில் எழுதுங்கள். கிரையப் பத்திரம் வீட்டில் இருந்தால் அதில் செக்குபந்தி பாருங்கள்: நான்கு எல்லையும், பெரும்பாலும் கிழமேல் தென்வடல் அடிக்கணக்கும் எழுதியிருக்கும். புல வரைபடத்தை அரசின் நில ஆவணத் தளத்தில் சர்வே எண் கொடுத்துத் தேடலாம். மனையின் வெளிக்கோடு அப்படிக் கிடைத்துவிட்டால், பாட்டி சொன்ன ஆறு இலைக் கூடமும் நாலு பேர் படுக்கிற திண்ணையும் அதற்குள் பொருந்துகிறதா என்று 1:100 அளவில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.